உன்னைக் கொண்டு நான் செய்த தியாகம்

அன்பு மகள் மெர்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது நம் வீட்டுக் கடிதங்களின் வழக்கம். அனைவரும் என்றால் இப்போது நாம் இரண்டு பேர். நான் நலமாக இல்லை. நீ நலமா என்று நான் பதினைந்து வருடமாகக் கேட்கவில்லை. ஆகவே கிருபையைச் சாட்சிக்கு இழுக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சீனி டப்பாவுக்குக் கீழே கடிதம் வைப்பது கிழட்டுப் பைத்தியம் என்று உனக்குத் தோன்றும். முகத்துக்கு நேரே பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்தில் நான் ஒரு வசனத்தைச் சொல்லிவிடுவேன், நீ உடனே "சரிப்பா" என்று சொல்லிவிடுவாய். அந்தப் பழக்கம் நம் இருவருக்கும் ஊறிப்போய்விட்டது. எழுத்து பெரிதாக இருப்பதைப் பொறுத்துக்கொள். கண்ணின் நடுவில் பார்வை போய் ஓரம் மட்டும் மிஞ்சியிருப்பவன் மார்க்கர் பேனாவால்தான் எழுத முடியும். போன வருடத்துச் சபைக் காலண்டரின் தாள்களை எடுத்துக்கொண்டேன். முடிந்துபோன மாதங்களுக்கு வேறு உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

நான் வேதம் வாசிக்கிறவன் என்று இந்த அந்தமான் தீவில், பாம்பூஃப்ளாட் முழுக்கப் பெயர் எடுத்தவன். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடிய மூன்றேகால் வருடம் ஆகும். முடிந்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு மறுநாள் காலை மறுபடியும் ஆதியிலே. இப்போது நடப்பது பதின்மூன்றாவது சுற்று. இதைப் பெருமையாகச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சபையில் சொன்ன ஒவ்வொரு முறையும் தாழ்மையாகவே சொல்லியிருக்கிறேன். லேவியராகமத்தின் குஷ்டரோகத்தையும் எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியலையும்கூட நான் தாண்டிப் போனதில்லை. ஒருவன் இத்தனை வருடம் ஒரே புத்தகத்தை வாசித்தும் அதில் ஒரு சொல்கூடத் தன்மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது. கடிந்துகொள்ளும் வசனம் வந்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். வேஷக்காரப் பரிசேயர் வந்தால் சபைச் செயலாளர் வந்தார். ஆறுதலான வசனம் வரும்போது மட்டும் என் ஞாபகம் வரும்.

என் பிழைப்பும் உனக்குத் தெரிந்ததுதான். முப்பத்தைந்து வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தேன். மெயின்லாண்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாரும் என் ஜன்னலைக் கடந்துதான் போனார்கள். "பங்க் கிளாஸ்ல மேல் படுக்கை கேளு, கீழ இருந்தா வாந்தி எடுக்கவன் காலடியில கெடக்கணும்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் புத்தி சொல்லி அனுப்பினேன். வீட்டில் நோயாளி இருக்கிறாரா, அவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு ஒருவருக்கும் டிக்கெட் மறுத்ததில்லை. அப்படி ஒரு விதியும் கிடையாது. அந்த விதியை நான் ஒரே ஒரு பயணிக்கு மட்டும் ஏற்படுத்தினேன்.

உனக்கு அப்போது பதினெட்டு வயது. ஜூனில் உன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போனது, பேச்சு துண்டு துண்டானது. ஜூலையில் மதுரைப் பக்கத்து நர்சிங் கல்லூரியிலிருந்து உனக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நீ அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாய். அம்மா கட்டிலில் இருந்தபடியே அந்த உறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "போ... கட்... டும்" என்று மூன்று மூச்சில் சொன்னாள். அவள் பேச்சு தெளிவாக வர நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. "என்ன கேக்கா, தண்ணியா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ தண்ணீர் கொண்டுவந்தாய். அவள் குடிக்கவில்லை.

நம் வீட்டில் எந்த முடிவும் வாக்குத்தத்தப் பெட்டியைக் கேட்காமல் எடுக்கப்பட்டதில்லை. வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகள் அடுக்கிய தகரப் பெட்டி. கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை உருவினால் அதுவே தேவனுடைய பதில். புது வருடத்துக்கு ஆளுக்கு ஒன்று எடுப்பது நம் சனங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. நாம் ஃபிரிஜ் வாங்கும்போதும் எடுத்தோம். உன் படிப்பையும் கர்த்தரிடமே விட்டுவிடுவோம் என்று சொல்லி, பெட்டியோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் முழங்காலில் நின்று அரை மணி நேரம் ஜெபித்ததாக நீ நினைத்திருப்பாய். நான் அட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அட்டையில், உன் தேசத்தையும் உன் இனத்தாரையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம் வந்தது. இவ்வளவு நேரடியாகப் பதில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? இது இடமாற்றம் கேட்கிற அரசு ஊழியர்களுக்கான வசனம் என்று தீர்மானித்து, திரும்பச் செருகினேன். இரண்டாவது அட்டையில், பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்று வந்தது. போகிறவர்களுக்கும் பொருந்தும், இருக்கிறவர்களுக்கும் பொருந்தும். எனக்கு அது போதவில்லை. மூன்றாவது அட்டையில், தகப்பனையும் தாயையும் கனம் பண்ண வேண்டும் என்ற கட்டளை வந்தது. அந்த அட்டையில் ஆவியானவர் அசைவாடுவதை உடனே உணர்ந்தேன். கதவைத் திறந்தேன்.

"கர்த்தர் பேசிட்டாரு, மக்கா. நீயே வாசி."

நீ வாசித்தாய். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய். அங்கே ஒன்றும் இல்லை.

"ஒரே தடவைலயா எடுத்தீங்க?"

"ஆமா."

"சரிப்பா."

அந்த "ஆமா"வைத்தான் நான் இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி. கடவுளுக்கும் உனக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பதிலை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, எனக்குப் பிடித்ததை அவர் கையெழுத்தோடு உன்னிடம் கொடுத்தேன். நான் வேலை பார்த்த கவுண்டரில் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பார்கள்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகையில் போதகர் உன்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். நான் மைக்கைப் பிடித்து, "எங்க குடும்பம் ஆண்டவருக்காக ஒரு சின்னத் தியாகம் பண்ணியிருக்கு" என்று சாட்சி சொன்னேன். பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, நான் என்னை முழுதாக நம்பிவிட்டிருந்தேன். "எங்க குடும்பம்" என்ற சொல்லுக்குள் நானும் இருந்தேன், பார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது நீ. படுக்கைப்புண்ணைக் கழுவியது நீ. பிறகு நீ சாத்தம் படகில் ஏறி போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது பகலில் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு மாலதி. நான் கட்டிலருகே நாற்காலி போட்டு, தினம் ஓர் அதிகாரம் உரக்க வாசித்தேன். அது அவளுக்கு ஆறுதல் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒரு நாள் அவள் நல்ல கையை நீட்டிப் புத்தகத்தை மூடினாள். என் விரல் உள்ளே இருந்தது. மறுநாள் விரல் வைத்த இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்தேன்.

ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது உனக்கு நினைவிருக்கும். சொந்தப் படகு வைத்திருந்த, அதிகம் பேசாத பையன். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். நான் கேட்கவில்லை. நீ விருப்பப்படவில்லை என்று அவர்களுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். இது உனக்கு இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறாய் என்றால் என்னைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் மோசமாக நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் இடமிருக்கிறது. பன்னிரண்டு வருடம் கிடந்து அம்மா போனாள். அடக்க ஆராதனையில் போதகர் என் பொறுமையைப் பற்றிப் பேசினார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கள்கிழமை காலை நீ படகுக்குப் போன பிறகு என் போன் அடித்தது. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. நீ அங்கே விடுதிப் பொறுப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டதோ, அவர்கள் வீடியோவில் உன்னைப் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுத்ததோ எனக்குத் தெரியாது. "சார், மெர்சி வரலன்னு மெயில் போட்டிருக்காங்க. அப்பாவுக்குக் கண் தெரியல, வேதம் வாசிச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்லன்னு எழுதியிருக்காங்க. எங்களுக்கு அவங்கதான் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேற யாரையும் எடுக்க மாட்டோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க" என்றார். "சொல்லுதேன்" என்றேன். நான் சொல்லவில்லை. திங்கள் சாயங்காலம் நீ மீனோடு வந்தாய், சொல்லவில்லை. நீ குழம்பு வைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாய், அப்போதும் சொல்லவில்லை. மகள் தானாகவே தீர்மானித்திருக்கிறாள், இந்தத் தடவை நான் பெட்டியைத் தொடவேயில்லை, கை சுத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன். பேசாமல் இருப்பதாலேயே ஒரு மனுஷியைக் கட்டிப்போட முடியும் என்பதை இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டேன். கயிறுகூடத் தேவைப்படவில்லை.

செவ்வாய் சாயங்காலம் நீ எனக்கு வாசித்துக் காட்டும் வேதத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் பதினோராம் அதிகாரம் வந்தது. அது யெப்தாவின் அதிகாரம். யுத்தத்தில் ஜெயம் கொடுத்தால், திரும்பி வரும்போது என் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று அவன் நேர்ந்துகொள்கிறான். ஜெயித்து வருகிறான். தம்புரு அடித்து ஆடிக்கொண்டு எதிரே வருவது அவனுடைய ஒரே மகள். பன்னிரண்டு முறை இந்த அதிகாரத்தை என் கண்ணாலேயே கடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், அவசரப்பட்டுப் பொருத்தனை பண்ணக் கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, டிக் போட்டுவிட்டுக் காப்பி குடித்தேன். அவன் ஆடையைக் கிழித்துக்கொண்டு முதலில் சொல்வது என்ன என்று செவ்வாய்க்கிழமைதான் காதில் விழுந்தது. ஐயோ மகளே, நீ என்னைக் கலங்கப் பண்ணுகிறாயே என்கிறான். பொருத்தனை அவனுடையது, ஜெயம் அவனுடையது, கலக்கமும் அவனுடையது. சாவு மட்டும் அவளுடையது. அவள் மலைக்குப் போய் அழுதுவிட்டு வர இரண்டு மாதம் கேட்கிறாள். அவன் கொடுக்கிறான். நான் அதுகூடக் கொடுக்கவில்லையே என்று நினைத்தேன். ஆபிரகாம் பலியிடக் கொண்டுபோன ஈசாக்குக்காவது கடைசி நேரத்தில் புதரில் ஒரு ஆட்டுக்கடா சிக்கியிருந்தது.

நீ நிறுத்தாமல், குரல் ஏறாமல் இறங்காமல், படகு நேரத்தை வாசிப்பதைப் போல வாசித்து முடித்தாய்.

"ஏட்டி, இந்த அதிகாரம் வாசிக்கக் கஷ்டமா இல்லையா?"

"இல்லப்பா. நாப்பது வசனந்தான்."

"அந்தப் புள்ளைக்குப் பேரு போடலியே."

"போடல. கஞ்சி ஆறுது, குடிங்க."

நேற்று காலை நீ போனதும் நான் மறுபடியும் நானாகவே நடந்துகொண்டேன். பழைய சிநேகிதன் ஒருவனுக்குப் போன் போட்டு, அடுத்த சென்னைக் கப்பலில் உனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கச் சொன்னேன். அந்தத் தலைமை ஆசிரியைக்கும் போன் பண்ணி, மகள் வருகிறாள் என்று நானே சொல்லிவிடத் தீர்மானித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே நான் செய்யும் தியாகம் இது என்று நெஞ்சு விம்மியது. சாப்பாடு கொண்டுவந்த மாலதியிடம் எல்லாவற்றையும், அந்த மூன்று அட்டைகள் உட்பட, சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன் பாதி இந்தி பாதித் தமிழில் தொடங்கினாள்.

"அச்சா. மெர்சிகிட்ட பூச்சா?"

"கேக்கல. போகச் சொல்லப் போறேன்."

"ஃபிர் வஹி காம், தாதா, மறுபடி அதே வேலை! அன்னிக்கு இருன்னு நீ சொன்னது. இன்னிக்கு போன்னு நீ சொல்றது. அவ என்ன, உன் வீட்டு பார்சலா?"

"நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"அன்னிக்கும் நல்லதுக்குத்தான் சொன்னது" என்றாள் மாலதி. "பாத்திரத்துல சாவல் ஆறுது, சாப்பிடு."

பதின்மூன்று சுற்று வேதத்தில் எனக்குக் கிடைக்காதது ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தது. சிநேகிதனுக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்று சொன்னேன். தலைமை ஆசிரியையை நான் கூப்பிடவில்லை. இந்த விஷயத்தில் நான் உனக்காகச் செய்யக்கூடியது என்னவென்று முழு நாளும் யோசித்தேன். உண்மையைச் சொல்வது, வழியிலிருந்து நகர்வது, இவ்வளவுதான் மிஞ்சியது. இதில் யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டிய அம்சம் ஒன்றும் இல்லை.

உண்மையை உன்னிடம் மட்டும் சொல்வதும் போதாது. பொய்யை மைக் வைத்துச் சொன்னவன் உண்மையைச் சீனி டப்பாவுக்கு அடியில் சொல்லிவிட்டுத் தப்பிக்கக் கூடாது. ஆகவே இதைச் சபைப் பத்திரிகையில் போட முடியுமா என்று போதகரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் இருமனப்பட்டு, "மக்களுக்கு இடறலா இருக்குமே அண்ணாச்சி" என்றார். சாட்சி சொன்னபோது யாருக்கும் இடறவில்லையே என்றேன். ஒப்புக்கொண்டார். ஆனால் உன் வாழ்க்கை இதில் இருக்கிறது. உன் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் அச்சாகாது. நீ அடிக்க வேண்டியதை அடி. முழுதாகக் கிழித்துப் போடவும் உனக்கு உரிமை உண்டு. அப்படியானால் அடுத்த ஞாயிறு நான் எழுந்து நின்று, உன் பெயரைச் சொல்லாமல், என் பாகத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்காருவேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பன் கடிதத்தில் புத்திமதி ஒன்றாவது இல்லாவிட்டால் வாங்கினவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். தியாகம் செய் என்று யாராவது உனக்கு வசனம் காட்டினால், அவர் தன் பங்குக்கு எதை விடுகிறார் என்று முதலில் பார். சிலுவையைச் சுமக்கச் சொன்னவர் அதைத் தானே சுமந்தார், தன் முதுகில், ஊரார் பார்க்க. அடுத்தவள் முதுகில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நடந்துகொண்டே பாட்டுப் பாடியவர்களின் ஜாதி வேறு. அதில் நான் மூத்த உறுப்பினன். வேதத்தை விட்டுவிடாதே. எனக்கு வாசித்துக் கொடுக்கும் கடமையாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதே. நான் அதைக் கேடயமாகப் பிடித்தேன் என்பது புத்தகத்தின் குற்றமல்ல. கர்த்தர் என்னை மன்னிப்பாரா என்று கேட்டால், மன்னிப்பார் என்று நான் படித்தவரையில் தெரிகிறது. அவர் மன்னித்துவிட்டார் என்பதை உன்னிடம் கொண்டுவந்து காட்டி உன் கையெழுத்தையும் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. நீ மன்னிக்காமல் இருக்கலாம். அதற்கு எதிராக நான் எந்த அதிகாரத்தையும் திறக்க மாட்டேன்.

என்னைப் பற்றிய ஏற்பாடுகள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை நீ போவதற்காகவோ இருப்பதற்காகவோ செய்தவை அல்ல, முன்பே செய்திருக்க வேண்டியவை. மத்தியானச் சாப்பாடு மாலதி தருவாள். காலையும் இரவும் கஞ்சி வைக்க எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னது சோம்பல். போனில் வேதத்தை வாசித்துக் காட்டும் ஒன்றை மாலதியின் மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான். கனத்த குரலில் ஒருவர் வாசிக்கிறார். அழகாகத்தான் வாசிக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே கேட்டுக்கொள்வேன். நீ போனால் எனக்குச் சந்தோஷம் என்று எழுத ஆசைதான். இன்னொரு பொய் வேண்டாம். நீ போனால் இந்த வீடு எனக்குத் தாங்காது. நீ வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்தால், வெட்கமில்லாமல் மகிழ்ந்து போவேன். இரண்டும் உண்மை. இரண்டுமே நீ முடிவெடுக்கப் பார்க்க வேண்டியவை அல்ல.

நாளை வெள்ளிக்கிழமை. என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவென்று நீ லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாய். நீ வர வேண்டாம். எட்டரை மணிப் படகில் மாலதி என்னைக் கூட்டிப் போகிறாள். டாக்டர் மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார். விட்டாலும் நான் சாத்தம் படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், மாலதிக்கும் அங்கே காய்கறி வாங்கும் வேலை இருக்கிறது. நீ போனில் பேசும்போது பக்கத்து அறையில் நான் ஒரு தடவை இருமினாலும் போதும், உன் பதில் மாறிவிடும். உன்னை எனக்குத் தெரியும். என் இருமலையும் எனக்குத் தெரியும். அது எப்போதும் தற்செயலாக வருவதில்லை. அந்தத் தலைமை ஆசிரியையின் நம்பரை இந்தத் தாளின் அடியில் பெரிதாக எழுதியிருக்கிறேன். என்ன சொன்னாய் என்று வந்ததும் கேட்க மாட்டேன். ஐந்து மணிப் படகுக்கு முன்னால் நான் திரும்ப மாட்டேன். அதுவரை வீட்டில் உன்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

உன் அப்பா